மௌனம் = மரணம்: இரண்டே சொல்லில் ஒரு போஸ்டர்

[திரை முழுக்கக் கறுப்பு. நடுவில் ஒரு முக்கோணம்.]

இந்தப் போஸ்டரை ஐந்து செக்கன் பாருங்கள். ஊசி இல்லை, மண்டையோடு இல்லை, மெலிந்த நோயாளி இல்லை. கறுப்புத் தாள், இளஞ்சிவப்பு முக்கோணம், அடியில் பெரிய வெள்ளை எழுத்தில் இரண்டு சொல். எச்.ஐ.வி பற்றி வந்த போஸ்டர்களில் என்னைப் பிடித்து உலுக்கியது இதுதான்.

வணக்கம் உறவுகளே, திருகோணமலையிலிருந்து பேசுகிறேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: 1981இல் அமெரிக்காவில் எயிட்ஸ் நோய் தெரியவந்தது, 1983இல் அதன் வைரஸ் பிடிபட்டது, ஆட்கள் செத்துக்கொண்டே இருந்தார்கள், மேலிடம் வாய் திறக்கவில்லை. சரி, போஸ்டருக்கு வருவோம்.

1987, நியூயோர்க். ஆறு பேர் கூடி வடிவமைத்து, இரவில் சுவர்களில் ஒட்டவைத்தார்கள். அந்த முக்கோணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நாஜி முகாம்களில் தன்பாலீர்ப்புள்ள ஆண்களின் உடையில் தைத்த அடையாளம் அது. அதன் கூர்முனை கீழே பார்க்கும். இவர்கள் முனையை மேலே திருப்பினார்கள். அவமானச் சின்னம் எழுந்து நிற்கிறது! இதை முதலில் அறிந்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த வாசகத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். மௌனம் = மரணம். ஆங்கில மூலத்தில் இல்லாத மோனை நமக்குத் தானாக வந்து விழுகிறது, ஈற்றிலும் ஓசை ஒட்டுகிறது. நடுவில் ஒரு சமன் குறி, அவ்வளவுதான்.

அதே 1987இல் அவுஸ்திரேலியா தொலைக்காட்சியில் எமனைப் போல ஓர் உருவம் பந்து உருட்ட, நிற்கிற குடும்பங்கள் சரிந்து விழும் விளம்பரம் போட்டது. நாடே பயந்தது. நோயுள்ளவர்களைப் பார்த்தும் பயந்தது.

இப்போது நம் பஸ் நிலையம். மூதூர் பஸ் வெளிக்கிடப் போகிறது, கையில் சாமான் பை. ஒரு போஸ்டருக்கு இரண்டு செக்கன்தான் கிடைக்கும். அதில் மூன்று மொழி, பத்து வரி, ஓரத்தில் நெருக்கிய தமிழ் என்றால் யார் வாசிப்பது?

சொல்லச் செய்தி இல்லாமலா? தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி பரவுவதை இலங்கை ஒழித்ததாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நிலைத்தால், உடலுறவு வழியாக அது மற்றவருக்குத் தொற்றாது. இதையெல்லாம் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டாமா?

என்னிடம் தந்தால் கடல் நீலத் தாளில் இரண்டு சொல் போடுவேன்: பரிசோதனை இலவசம். அடியில் அரச கிளினிக் திறக்கும் நேரம். பெயர் விவரம் வெளியே போகாது என்று ஒரு வரி.

உங்களுடைய இரண்டு சொல் என்ன? கமெண்டில் எழுதுங்கள்.