காய்ச்சல் பிள்ளையின் காலைத் தொட்டுப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாமார் முதலில் சொல்வது ஒரு இலக்கத்தை: "டொக்டர், 103", "104 தாண்டிவிட்டது". அதைக் கேட்டுக்கொண்டே நான் பிள்ளையின் சொக்ஸைக் கழற்றுவேன். (கொழும்பு வெக்கையிலும் தொப்பி, சொக்ஸ், துவாய் என்று சுற்றித்தான் கொண்டுவருகிறார்கள், அப்பம்மாவின் கட்டளையாக இருக்கும்.) எனக்கு வேண்டியது அந்தப் பாதம்: நான் தேடுவது செப்சிஸ் என்ற ஆபத்தான நிலையின் அறிகுறியை.

104 பாகை காய்ச்சலோடு வந்த பிள்ளை, பனடோல் வேலை செய்ததும் எழும்பி பிஸ்கட் கேட்டால், கால் வெதுவெதுப்பாக இருந்தால், நான் அவ்வளவு பதறமாட்டேன். 100 பாகைதான், ஆனால் கால் சில்லிட்டிருக்கிறது, அம்மாவின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை என்றால், அந்தப் பிள்ளையின் கட்டில் தாதியின் மேசைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு: மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 பாகை காய்ச்சலே வைத்தியசாலைக்குப் போகப் போதுமான காரணம். உடம்பு வழமைக்கு மாறாகக் குளிர்ந்துபோனாலும் அப்படித்தான்.

செப்சிஸ் என்பது கிருமி மட்டும் செய்யும் வேலையல்ல. நெஞ்சிலோ சிறுநீரிலோ தோலில் வந்த ஒரு கட்டியிலோ தொற்று தொடங்குகிறது. அதை எதிர்க்கப் புறப்பட்ட உடம்பு கட்டுமீறிப்போய்த் தன் உறுப்புகளையே பழுதாக்குகிறது. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதைத்தான் கட்டிலருகில் நின்று தரம் பிரிக்கிறோம்.

அதற்கு முதல் கருவி விரல். பிள்ளையின் நெஞ்செலும்பின் மேல் ஐந்து விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். மூன்றைத் தாண்டினால் இரத்தம் தோலுக்குச் சரியாக வந்து சேரவில்லை. நம் பிள்ளைகளின் கறுத்த தோலில் இது தெளிவாகத் தெரியாவிட்டால் நகக்கண்ணில் பாருங்கள். பிறகு கால்விரலிலிருந்து மேலே தடவிக்கொண்டு போனால் குளிர் முடிந்து சூடு தொடங்கும் ஒரு இடம் கைக்குத் தட்டுப்படும். காலையில் அது கணுக்காலில் இருந்து, இரண்டு மணித்தியாலம் கழித்து முழங்காலுக்கு ஏறியிருந்தால், எந்த இரத்தப் பரிசோதனை அறிக்கைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. காய்ச்சல் ஏறிக் குளிர் நடுக்கம் எடுக்கும்போது எந்தப் பிள்ளைக்கும் கால் குளிரும். ஆகவே காய்ச்சல் இறங்கிய பிறகு இன்னொருமுறை தொட வேண்டும்.

மூச்சை முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும், சட்டையைத் தூக்கிவிட்டு, பிள்ளை அழாத நேரத்தில். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40: அந்த எண்ணையோ அதற்கு மேலோ தொட்டால் அது வேகமான மூச்சு. அறிவு நிலைக்கு நான்கு படி: தானாக விழித்திருக்கிறதா, கூப்பிட்டால் பார்க்கிறதா, நோகப்பண்ணினால் மட்டும் அசைகிறதா, ஒன்றுக்கும் அசைவில்லையா. இரண்டாம் படிக்கு இறங்கும்போதே நமக்குப் பயம் வர வேண்டும். அதற்கும் முந்திய ஒரு படி உண்டு, அதை அம்மாதான் காண்பார்: "என்ர பிள்ளை இப்பிடி இருக்கிறதில்லை டொக்டர்." இதை அட்டையில் எழுதிவைக்கும்படி இளம் டொக்டர்மாருக்குச் சொல்வேன்.

பிரஷரைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள் என்பதையும் அவர்களுக்குச் சொல்வதுண்டு. சிறுவர்களின் உடம்பு இரத்தக் குழாய்களை இறுக்கி, நாடியை ஓடவிட்டு, பிரஷரைக் கடைசிவரை தாங்கிப் பிடிக்கும். ஒன்று முதல் பத்து வயது வரை, வயதை இரண்டால் பெருக்கி 70 கூட்டினால் வருவது மேல் அழுத்தத்தின் கீழ் எல்லை. ஐந்து வயதுக்கு 80. அதற்குக் கீழே இறங்கியபின் கண்டுபிடிப்பது பிந்திய கண்டுபிடிப்பு.

2005இல் வந்த வரைவிலக்கணத்தின்படி, தொற்றுச் சந்தேகத்தோடு காய்ச்சலும் வேகமான மூச்சும் இருந்தாலே செப்சிஸ் என்று எழுதிவிடலாம். விடுதியில் பாதிப் பிள்ளைகள் அதற்குள் வந்துவிடுவார்கள். 2024 ஜனவரியில் வெளியான பீனிக்ஸ் அளவுகோல் அதை மாற்றியது. நுரையீரல், இரத்தவோட்டம், இரத்த உறைவு, மூளை ஆகிய நான்கும் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதற்குப் புள்ளி. தொற்றுச் சந்தேகத்தோடு இரண்டு புள்ளி சேர்ந்தால் செப்சிஸ். அதில் ஒரு புள்ளியாவது இரத்தவோட்டத்தில் விழுந்தால் செப்டிக் ஷொக், அதாவது செப்சிஸால் இரத்தவோட்டமே தளர்ந்த நிலை. நல்ல அளவுகோல்தான். ஆனால் மூளைக்கு ஒரு புள்ளி விழவே, அறிவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ அளவு 15இலிருந்து 10க்கு இறங்கியிருக்க வேண்டும். அந்த இடம்வரை ஒரு பிள்ளையைப் போகவிடலாமா? நோயை உறுதிப்படுத்த அது உதவும், முன்கூட்டிப் பிடிக்க அல்ல; அதை உருவாக்கியவர்களே அப்படித்தான் சொன்னார்கள்.

ஷொக் என்றால் ஒரு மணித்தியாலத்துக்குள் அன்டிபயோட்டிக் ஏற வேண்டும். ஷொக் இல்லாத செப்சிஸுக்கு மூன்று மணித்தியாலம் வரை நேரம் உண்டு. சேலைன் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர். ஒவ்வொரு முறையும் ஏற்றியபின் ஈரல் வீங்கி விலாவுக்குக் கீழே இறங்கியிருக்கிறதா, நெஞ்சில் கரகரப்புக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டே அடுத்தது. உகண்டா, கென்யா, தன்சானியாவில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், வேகமாகச் சேலைன் ஏற்றிய பிள்ளைகளிடையேதான் இறப்புக் கூடியிருந்தது. அங்கே அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வசதி இருக்கவில்லை, கொழும்பில் இருக்கிறது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்ற முடியாது.

நம்மூர்ச் சிக்கல் டெங்கு. அதிலும் கை கால் குளிரும், நாடி மெலியும். ஆனால் டெங்கு ஷொக்கில் பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகுதான் அது வரும், பிள்ளை தெளிவாகப் பேசிக்கொண்டே இருக்கும், மேல் கீழ் அழுத்தங்களுக்கிடையிலான வித்தியாசம் 20க்குச் சுருங்கும். சேலைன் கணக்கும் வேறு. சில நேரம் இரண்டும் ஒரே பிள்ளையில் சேர்ந்தும் வரும், அப்போது எங்களுக்கு நித்திரை இல்லை.

கால் குளிர்ந்து, பிள்ளை சோர்ந்து, மூச்சு வேகமாக இருந்தால், அல்லது கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் மறையாத ஊதாப் புள்ளிகள் தோலில் கண்டால், விடியட்டும் என்று பார்க்காமல் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். பொரளை சிறுவர் வைத்தியசாலைக்குத்தான் போக வேண்டும் என்று கொட்டாஞ்சேனையிலிருந்து ட்ரபிக்கில் மாட்டிக்கொள்ளாமல் கிட்டிய அரச வைத்தியசாலைக்குப் போங்கள். போனதும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: கடைசியாகச் சிறுநீர் எப்போது போனது, வழக்கமாகக் குடிப்பதில் எவ்வளவு குடித்தது, பனடோல் எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள்.