பிற்பகல் மூன்று மணிக்குப் புதிய இசை

அவையோருக்கு வணக்கம்.

ஒரு வானொலி நிலையத்தின் தரத்தை மதிப்பிட விரும்புகிறவர்கள், அங்கே என்னென்ன பாடல்கள் போடுகிறார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். நான் அந்த நிலையத்தின் நிகழ்ச்சி அட்டவணையைப் பார்ப்பேன். எந்த இசைக்கு நாளின் எந்தப் பொழுதை ஒதுக்கியிருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் தந்திருக்கிறார்கள், நடுவில் விளம்பரமோ செய்தியோ புகுந்து அதை வெட்டுமா என்பதையெல்லாம் பார்த்தால், நேயர்களின் பொறுமையையும் அறிவையும் அந்த நிலையம் எவ்வளவு மதிக்கிறது என்பது விளங்கிவிடும். உள்ளூர் வானொலியில் ஜாஸ் இசையும் புதிய இசையும் என்பது இன்றைய தலைப்பு. பொதுப்படப் பேசிக்கொண்டு போவதைவிட ஒரு நிலையத்தை எடுத்துக்கொண்டு அதன் அட்டவணையைப் படித்துப் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். நியூயார்க் நகரில் கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் டபிள்யூ.கே.சி.ஆர். நிலையம், பண்பலையில் 89.9, அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு.

அந்த நிலையம் 1941இல் உரிமம் பெற்றது. 1956 முதல் பண்பலையில் ஒலிக்கிறது. பண்பலை ஒலிபரப்பு முறையையே உருவாக்கிய எட்வின் ஆம்ஸ்ட்ராங் அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்தவர் என்பதால், அந்த வளாகத்தில் வானொலி என்பது இரவல் வாங்கி வைத்த பொருளன்று. அமெரிக்காவில் பண்பலை வரிசையின் 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, கல்விக்காகவும் வணிக நோக்கற்ற ஒலிபரப்புக்காகவும் 1945இலேயே ஒதுக்கி வைக்கப்பட்டது. இந்த ஒதுக்கீடு இல்லாமல் இன்று நான் பேசப்போகும் எதுவும் நடந்திருக்காது. விளம்பரதாரருக்கு விற்க வேண்டிய நிமிடங்கள் இல்லை என்னும்போதுதான், ஒரு நிலையத்தால் மூன்று மணி நேரத்தை மூன்று மணி நேரமாகவே நேயரிடம் கொடுக்க முடிகிறது.

பல்லாண்டுகள் வழக்கத்தில் இருந்த அதன் வாரநாள் அட்டவணை இப்படி அமைந்திருந்தது. விடியற்காலையில் ஜாஸ். காலை 8.20க்குச் சார்லி பார்க்கர் என்ற ஒரே சாக்ஸபோன் கலைஞருக்கென ஒரு நிகழ்ச்சி. பிறகு மேற்கத்தியச் செவ்விசை. நண்பகல் பன்னிரண்டு மணிக்கு மீண்டும் ஜாஸ். பிற்பகல் மூன்று முதல் ஆறு வரை புதிய இசை. ஆறு மணிக்கு மறுபடியும் ஜாஸ். நள்ளிரவு கடந்தபின் மீண்டும் புதிய இசை. புதிய இசை என்று அங்கே குறிப்பிடப்படுவது, ஒலிநாடாவையும் மின்னணுக் கருவிகளையும் கொண்டு படைக்கப்பட்டவை, ஒரே சுரத்தை நெடுநேரம் பிடித்து நிற்பவை, எழுதி வைக்காமல் மேடையிலேயே கூடி உருவாக்கப்படுபவை போன்ற, கச்சேரி அரங்குகளே தயக்கத்தோடு இடம் தரும் படைப்புகள். அவற்றை எந்த நிலையமும் நள்ளிரவில் போட்டுவிடலாம். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள், ஏனெனில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். ஊரே விழித்து வேலை பார்க்கும் பிற்பகல் மூன்று மணிக்கு அவற்றை வைத்ததுதான் என்னைப் பொறுத்தவரை இந்த அட்டவணையின் ஆகத் துணிச்சலான வரி.

காலை நிகழ்ச்சிக்கு வருகிறேன். அதை 1981இல் தொடங்கி நடத்தியவர் ஃபில் ஷாப். 1951இல் பிறந்து, நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் ஜாஸ் கலைஞர்கள் பலர் குடியிருந்த ஹாலிஸ் என்னும் வட்டாரத்தில் வளர்ந்தவர். கவுன்ட் பேஸி நடத்திய ஜாஸ் குழுவின் புகழ்பெற்ற டிரம் கலைஞரான ஜோ ஜோன்ஸ் சிறு வயதில் இவரைப் பார்த்துக்கொண்டவர் என்றால், அந்த வளர்ப்பு எப்படிப்பட்டது என்று ஊகித்துக்கொள்ளலாம். மாணவராக 1970இல் நிலையத்துக்குள் நுழைந்த ஷாப், படிப்பு முடிந்த பின்பும் அதை விட்டுப் போகவில்லை. 2021இல் காலமாகும் வரை அரை நூற்றாண்டுக்காலம் அந்த ஒலிவாங்கியின் முன்னால் இருந்தார். பார்க்கர் 1955இல் தமது 34ஆம் வயதில் இறந்தவர். அவ்வளவு குறுகிய வாழ்வில் பதிவான இசையை வைத்துக்கொண்டு ஒருவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் காலைதோறும் பேசினார் என்பது, கேட்கும்போது மிகைபோலத் தோன்றும்.

எப்படிப் பேச முடிந்தது என்பதை ஒரே ஒரு பதிவைக் கொண்டு காட்டுகிறேன். 1945 நவம்பர் 26ஆம் நாள், சவாய் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக, நியூயார்க்கின் டபிள்யூ.ஓ.ஆர். வானொலியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பார்க்கர் 'கோ கோ' என்ற படைப்பைப் பதிவு செய்தார். முதல் முயற்சியில், தொடக்கப் பகுதி முடிந்ததும் குழுவினர் 'செரோக்கி' என்ற பழைய பாட்டின் மெட்டுக்குள் புகுகிறார்கள். உடனே ஒரு குரல் குறுக்கிட்டு அவர்களை நிறுத்துகிறது. 'செரோக்கி'யின் சுர அடுக்கின்மீதுதான் புதிய படைப்பே நிற்கிறது. ஆனால் மெட்டையும் வாசித்துவிட்டால் அந்தப் பாட்டின் உரிமையாளருக்குப் பணம் தர வேண்டியிருக்கும் என்பதே அந்த நிறுத்தத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். அடுத்த முயற்சியில் மெட்டு இல்லை. தொடக்கம் முடிந்த கையோடு பார்க்கரின் தனி ஆவர்த்தனம் பாய்ந்து வருகிறது. அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் கொள்ளாது என்பதால், எல்லாமே அந்த மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. பியானோவில் இருந்தது யார், ட்ரம்பெட் வாசித்த டிஸ்ஸி கில்லெஸ்பி எந்த இடத்தில் பியானோவுக்கு மாறினார் என்பதில் ஆய்வாளரிடையே இன்றும் வழக்கு தீரவில்லை. பத்தொன்பது வயது ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அதே நாளில் அதே கூடத்தில் இருந்தார். ஆனால் இந்தப் படைப்பில் வாசித்தது கில்லெஸ்பியே என்பது பெரும்பாலோர் ஏற்ற முடிவு.

அறுந்துபோன முதல் முயற்சியையும் முழுமையான பதிவையும் அடுத்தடுத்துப் போட்டு, நடுவில் இந்தச் செய்திகளைச் சொல்ல ஒருவருக்கு நேரம் கிடைத்தால், அந்த மூன்று நிமிட இசைத்தட்டு நேயரின் காதில் வேறொரு பொருளாகவே மாறிவிடுகிறது. ஷாப் செய்தது அதுதான். சில நாள்களில் இசையைவிடப் பேச்சே நீண்டுவிடும். பதிவு எண், தேதி, வரிசை என்று அவர் அடுக்கிக்கொண்டே போவதைப் பொறுக்காமல் வானொலியை அணைத்தவர்கள் நியூயார்க்கில் குறைவில்லை. அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனாலும் டபுள் பாஸ் வாசித்தவரின் பெயரைக்கூடச் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குத் தாவும் வழக்கத்தோடு ஒப்பிட்டால், அளவுக்கு மீறிப் பேசிய இந்த மனிதரின் பக்கமே நான் நிற்பேன்.

இந்த நிலையத்தின் இன்னொரு வழக்கம் பிறந்தநாள் ஒலிபரப்பு. சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் பிறந்தது 1909 ஆகஸ்ட் 27. பார்க்கர் பிறந்தது 1920 ஆகஸ்ட் 29. ஆகவே ஆண்டுதோறும் ஆகஸ்ட் 27 முதல் 29 வரை, வழக்கமான நிகழ்ச்சிகள் அனைத்தையும் ஒதுக்கிவிட்டு, 72 மணி நேரம் இவ்விருவரின் இசை மட்டுமே ஒலிக்கும். ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தாம் பிறந்தது 1900 ஜூலை 4 என்று வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்தார். அவர் 1901 ஆகஸ்ட் 4இல் பிறந்தவர் என்பது அவர் மறைவுக்குப் பின் திருமுழுக்குப் பதிவேட்டிலிருந்து தெரியவந்தது. நிலையத்தார் இரண்டில் ஒன்றைத் தள்ளவில்லை. இரண்டு நாளும் அவரையே ஒலிபரப்புகிறார்கள். ஆய்வாளருக்கு ஒரு நாள், ஆம்ஸ்ட்ராங்கின் சொல்லுக்கு ஒரு நாள்.

இந்த இடத்தில் ஓர் எதிர்வாதத்தை முன்வைத்தாக வேண்டும். பிறந்தநாள்களாலும் நினைவு நாள்களாலும் நிரம்பிய அட்டவணை, மெல்ல மெல்ல மறைந்தவர்களின் உடைமையாகிவிடும். இன்று மாலை அதே ஊரில் ஒரு சிறு அரங்கில் வாசிக்கவிருக்கும் இளைஞருக்கு 72 மணி நேரத்தை யார் தருவார்கள்? ஜாஸ் வானொலிகள் பலவற்றின் நோய் இதுதான்: 1945க்கும் 1965க்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளையே திரும்பத் திரும்பச் சுற்றிவந்து, அதற்கு மரபு என்று பெயர் சூட்டிக்கொள்கிறார்கள். பார்க்கரின் இசை பதிவான காலத்தில் அதுதான் புதிய இசை என்பதையும், அதைக் காற்றில் ஏற்றியவை அன்றைய உள்ளூர் வானொலிகளே என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. 1948, 1949ஆம் ஆண்டுகளில் ராயல் ரூஸ்ட் என்ற இரவு விடுதியிலிருந்து பார்க்கர் குழுவின் வாசிப்பைச் சிம்ஃபனி சிட் என்னும் அறிவிப்பாளர் டபிள்யூ.எம்.சி.ஏ. நிலையத்தின் வழியாக நேரடியாக ஒலிபரப்பினார். வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் பதிவு செய்துகொண்ட ஆர்வலர்களால்தான் அந்த இரவுகள் இன்று நமக்குக் கிடைக்கின்றன. அந்த அறிவிப்பாளர் அன்றைக்குப் பழைய தட்டுகளையே போட்டுக்கொண்டிருந்திருந்தால், பின்னால் வந்தவர்கள் கொண்டாடுவதற்கு இவ்வளவு மிஞ்சியிருக்காது.

ஆகவே நான் பிற்பகல் மூன்று மணிக்குத் திரும்புகிறேன். கொலம்பியாவில் புதிய இசைக்கும் வானொலிக்கும் உள்ள உறவு வெறும் ஒலிபரப்பு உறவன்று. 1951 மே மாதம், அந்த வளாகத்து மெக்மிலின் அரங்கில், இசையமைப்பாளர் ஜான் கேஜ் பன்னிரண்டு வானொலிப் பெட்டிகளுக்காக எழுதிய படைப்பு முதன்முதலாக நிகழ்த்தப்பட்டது. பெட்டிக்கு இருவராக இருபத்துநான்கு பேர் அமர்ந்து, ஒருவர் அலைவரிசையைத் திருப்ப மற்றவர் ஒலியளவைக் கூட்டிக் குறைத்தார்கள். அன்றிரவு காற்றில் எது வருகிறதோ அதுவே இசை. நிகழ்ச்சி நள்ளிரவை நெருங்கியே தொடங்கியதால் பல நிலையங்கள் அன்றைய ஒலிபரப்பை முடித்துவிட்டிருந்தன. பெட்டிகளிலிருந்து சொற்ப ஒலியே கிடைத்தது. பலர் அதைத் தோல்வி என்றார்கள். அட்டவணையை வைத்து வானொலியை அளக்கும் எனக்கோ, நிகழ்ச்சி நேரம் ஒரு படைப்பின் தோற்றத்தையே தீர்மானித்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

அதே காலத்தில், அதே பல்கலைக்கழகத்தில், விளாதிமிர் உசசெவ்ஸ்கி என்ற ஆசிரியர் ஒலிநாடாக் கருவியைக் கொண்டு சோதனைகளைத் தொடங்கினார். ஒலியைத் திரும்பத் திரும்ப அதன்மீதே ஏற்றி எதிரொலிக்கச் செய்யும் கருவியை அவருக்கு அமைத்துக் கொடுத்தவர், நமது வானொலி நிலையத்தில் பொறியியல் பணி பார்த்த இளைஞர் பீட்டர் மாசி. 1952இல் அந்தச் சோதனைகள் மெக்மிலின் அரங்கில் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டன. கொலம்பியாவும் பிரின்ஸ்டனும் சேர்ந்து நடத்திய மின்னணு இசை மையம் சில ஆண்டுகளில் அந்த முயற்சியிலிருந்தே வளர்ந்தது. ஒலிபரப்புக் கூடத்தில் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருந்த ஒருவரின் கை, அமெரிக்க மின்னணு இசையின் தொடக்கத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்ட நிலையம் புதிய இசைக்கு நாளின் நடுப்பொழுதில் இடம் தருவதைச் சலுகை என்று நான் கருதவில்லை; பழைய கடனைத் தவணை முறையில் அடைக்கிறார்கள்.

நேரத்தின் அளவும் இங்கே பொருட்டாகிறது. இசையமைப்பாளர் மார்ட்டன் ஃபெல்ட்மன் 1983இல் எழுதிய இரண்டாவது நால்வர் தந்தியிசை ஏறத்தாழ ஆறு மணி நேரம் நீளும். மணிக்கு நான்கு முறை இடைவெளி விடும் வணிக நிலையத்தில் அதற்கு இடமே கிடையாது. அரங்கத்திலும் அது அரிய நிகழ்வுதான். வாசிப்பவர்களின் தோள் தாங்க வேண்டும், கேட்பவர்கள் நாற்காலியில் தாங்க வேண்டும். வானொலியிலோ நேயர் சமைக்கலாம், நடக்கலாம், அரைமணி நேரம் கவனம் சிதறித் திரும்பி வரலாம். இசை அங்கேயே காத்திருக்கும். நெடிய படைப்புகளுக்குக் கச்சேரி அரங்கைவிட வானொலியே பொருத்தமான இடம் என்று நான் துணிந்து சொல்வேன். ஒரு சிலர் இதை ஒப்பமாட்டார்கள்.

உள்ளூர் என்பதற்கு வேறொரு முகமும் உண்டு. நியூ ஆர்லியன்ஸ் நகரின் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். நிலையம் 1980 டிசம்பரில் தொடங்கியது. அதன் நிகழ்ச்சிகளை நடத்துவோர் தன்னார்வலர்கள். ஒற்றைப்படை எண் கொண்ட ஒவ்வொரு மணியிலும், அன்றைக்கு ஊரில் எந்த அரங்கில், எந்த மதுக்கடையில், யார் எத்தனை மணிக்கு வாசிக்கிறார்கள் என்ற பட்டியலை அங்கே வாசிக்கிறார்கள். தலையங்கமும் இல்லை, விமர்சனமும் இல்லை. பெயர், இடம், நேரம். 2005இல் கத்ரீனா புயல் அந்நகரை மூழ்கடித்தபோது, நியூ ஜெர்சியிலிருந்த டபிள்யூ.எஃப்.எம்.யூ. நிலையத்தின் உதவியோடு அது இணையத்தின் வழி, நாடு கடத்தப்பட்ட நிலையம் என்ற பெயரிலேயே ஒலித்தது. டபிள்யூ.கே.சி.ஆரின் 72 மணி நேரத்தையும் இந்தச் சில நிமிடப் பட்டியலையும் தராசில் வைத்தால், உயிரோடிருக்கும் கலைஞருக்குப் பட்டியலே அதிகம் உதவும் என்பதை மறுக்க முடியாது. இரண்டும் ஒரே அட்டவணைக்குள் அமர இடமுண்டு என்பது என் கருத்து.

நியூயார்க் நிலையத்தில் இந்துஸ்தானி, கர்நாடக இசை உள்ளிட்ட தெற்காசிய இசைக்கும் நெடுங்காலமாக இடமுண்டு என்பதை இங்கே இருப்பவர்கள் அறிய விரும்புவீர்கள். ஜாஸையும் ஃபெல்ட்மனையும் கேட்டுப் பழகிய காதுக்கு, அவசரமில்லாத ஓர் ஆலாபனை அங்கே அயலானதாக ஒலிக்காது.

இறுதியாக நடத்துவோரைப் பற்றி. இது மாணவர் நிலையம். நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுக்கொண்டு பெரும்பாலோர் வெளியேறிவிடுகிறார்கள். ஷாப் போல ஐம்பது ஆண்டுகள் ஒட்டிக்கொள்பவர் விதிவிலக்கு. ஆண்டுதோறும் புதியவர்களுக்குக் கருவிகளை இயக்கக் கற்பிக்க வேண்டும், இசைத்தட்டு நூலகத்தில் எது எங்கே இருக்கிறது என்று காட்ட வேண்டும், கலைஞர்களின் பெயர்களைப் பிழையின்றி உச்சரிக்கப் பழக்க வேண்டும். ஒலிபரப்பில் தடுமாற்றம் கேட்கும். தட்டு முடிந்தபின் சில நொடி மௌனம் விழும். மெருகேறிய குரலை எதிர்பார்ப்பவர்களுக்கு அது உறுத்தும். ஆனால் பத்தொன்பது வயதில் ஒருவர், தாம் போன வாரம்தான் முதன்முதலாகக் கேட்ட ஒரு படைப்பை, இந்த வாரம் பிற்பகல் மூன்று மணிக்கு நகரம் முழுவதும் கேட்கும்படி போடுகிறார். அவருக்கு அந்த மூன்று மணி நேரத்தை ஒப்படைத்துவிட்டு, என்ன போடப் போகிறாய் என்று யாரும் முன்கூட்டிக் கேட்காத நிலையங்கள் உலகில் மிகக் குறைவு.