ஐஸில் வைத்த கருவா?

திருநெல்வேலி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

உவரிப் பக்கமிருந்து மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மா என்னிடம் கேட்டார்கள்: "ஏம்மா, அப்பம் பிடிச்ச மீனும் ஐஸ்ல போட்ட மீனும் ஒண்ணாயிருமா? புதுசாவே உள்ள வச்சிர வேண்டியதுதான?" சோதனைக்குழாய் முறையில் உருவாகும் கருவை உடனே கருப்பையில் வைக்காமல், உறைய வைத்து ஒன்றிரண்டு மாதம் கழித்து வைக்கலாம் என்று நான் சொன்னதற்குத்தான் இந்தக் கேள்வி. மருமகள் வாய் திறக்கவில்லை. கையிலிருந்த ஃபைலின் நாடாவைச் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். மகன் அன்று வரவே இல்லை. "அவனுக்கு என்ன குறை?" என்றார்கள். அதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

கேள்வி நியாயமானதுதான். ஐஸ்பெட்டியில் மீன் கெடுவது நிற்காது, மெதுவாகும், அவ்வளவே. கருவை வைப்பது மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில். அந்தக் குளிரில் கருவின் செல்லுக்குள் எதுவும் நகராது. ஆபத்தெல்லாம் உறையும்போதும் உருகும்போதும்தான். உள்ளிருக்கும் நீர் பனிப் படிகமானால் செல்லைக் கிழித்துவிடும். அதனால் இப்போது நீரைப் பெருமளவு வெளியேற்றி, பாதுகாப்பு திரவத்தில் ஊறவைத்து, கண் இமைக்கும் நேரத்தில் குளிர்விக்கிறார்கள். படிகமாகாமல் கண்ணாடி போல இறுகிவிடும். அப்படியும் உருக்கும்போது சில கருக்கள் பிழைக்காமல் போவதுண்டு. மறைக்க வேண்டியதில்லை.

சரி, எதற்காகக் காத்திருக்க வேண்டும்? நிறைய முட்டைகள் வரவேண்டும் என்று ஊசி போடுகிறோம். அந்த மாதம் ஹார்மோன் ஏகத்துக்கு ஏறியிருக்கும். கருப்பையின் உள்சவ்வு கருவோடு ஒத்துப்போகாமல் முந்திவிடலாம். உடம்பு ஆறி, சவ்வு பக்குவமான பிறகு கருவை வைத்தால் என்ன?

இதை முதலில் செய்து பார்த்தவர் நம் நாட்டுக்காரர், கல்கத்தாவின் டாக்டர் சுபாஷ் முகர்ஜி. நான் மருத்துவம் படித்தபோது யாரும் அவர் பெயரைச் சொல்லித் தரவில்லை. உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை லூயிஸ் பிரௌன் இங்கிலாந்தில் பிறந்தது 1978 ஜூலை 25. சரியாகப் பத்து வாரம் கழித்து, அக்டோபர் 3-ஆம் தேதி, கல்கத்தாவில் துர்கா என்ற பெயரோடு உலகுக்கு அறிமுகமான குழந்தை பிறந்தது. லூயிஸுக்கு ஊசியில்லாமல் இயற்கையாக வந்த ஒற்றை முட்டை. முகர்ஜியோ ஊசி போட்டு முட்டைகளை எடுத்து, கருவை 53 நாள் உறைய வைத்து, வேறொரு மாதச் சுழற்சியில் தாயிடம் வைத்தார். கூட இருந்தவர்களில் ஒருவர் மகப்பேறு மருத்துவர். உறைய வைக்கும் நுட்பத்துக்குக் கைகொடுத்தவரோ உணவுத் தொழில்நுட்பப் பேராசிரியர்! உவரி அம்மா கேட்டால் சிரிப்பார்கள்.

மேற்கு வங்க அரசு அமைத்த குழு அவர் சொன்னதை நம்பவில்லை. ஜப்பானுக்குப் போய் ஆய்வைச் சொல்லவும் அனுமதி கிடைக்கவில்லை. கடைசியில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். இனப்பெருக்க ஆய்வாளருக்குக் கண் ஆஸ்பத்திரியில் என்ன வேலை? 1981 ஜூன் 19 அன்று தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 1986-இல் மும்பையில் பிறந்த ஹர்ஷாதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை என்று எழுதப்பட்டது. ஹர்ஷாவின் பிறப்புக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானி டி.சி. ஆனந்தகுமார், பிற்பாடு முகர்ஜியின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். "முதல்" என்ற பெருமை தன் பக்கம் இருந்தும், அது முகர்ஜிக்கே உரியது என்று 1997-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். அந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

இனி நடப்புக்கு வருவோம். நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 1,508 பெண்களை வைத்துச் சீனாவில் செய்த ஆய்வு 2016-இல் வெளியானது. உறைய வைத்த கரு பெற்றவர்களில் 49.3 சதவீதம் பேருக்கும், உடனே வைத்தவர்களில் 42 சதவீதம் பேருக்கும் குழந்தை பிறந்தது. ஊசியால் கருமுட்டைப்பை வீங்கி வயிற்றில் நீர் கோக்கும் தொல்லை 7.1-லிருந்து 1.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் நீர்க்கட்டி இல்லாத பெண்களிடம் வியட்நாமில் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைப்பேற்றில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆக, எல்லாருக்கும் உறைய வைத்தே ஆகவேண்டும் என்று யாராவது சொன்னால், "எனக்கு எதுக்கு டாக்டர்?" என்று தைரியமாகக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் படிவத்தை இரண்டு பேரும் வாசியுங்கள். இந்தச் சிகிச்சைக்கென்று வந்த 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவைப் பத்து ஆண்டுகள் வரைதான் வைத்திருக்கலாம். மீதமுள்ள கருவை என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசி முடிவெடுங்கள். இன்னொன்று: அந்தச் சீன ஆய்விலேயே, உறைய வைத்த கருவால் உண்டான பெண்களுக்குப் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் கோளாறு கூடுதலாக இருந்தது. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பேர் பதியும்போதே, இது உறைய வைத்த கரு என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிடுங்கள். ஒவ்வொரு தடவை போகும்போதும் பிரஷர் பார்க்காமல் திரும்பாதீர்கள். தலைவலி, கண் மங்கல், முகவீக்கம் என்று எது வந்தாலும் மறுநாள் பார்ப்போம் என்று இருக்காதீர்கள்.

வணக்கம்.