பூட்டு மட்டுமே ஆளை விரட்டுவதில்லை

நண்பர்களே, வணக்கம். சம்பளம் வாங்காமல் உழைக்க வருகிறவரிடம் "கொஞ்சம் பொறுங்கள்" என்றால் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவாரே! இணையத்தில் தன்னார்வக் குழு நடத்துகிற எல்லோருக்கும் இந்தப் பயம் உண்டு.

ஆங்கில விக்கிப்பீடியாவில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். புதியவர்கள் நேரடியாகக் கட்டுரை தொடங்கக் கூடாது என்று 2011-இலேயே அங்குள்ள தன்னார்வலர்கள் கேட்டார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை மறுத்துவிட்டது. இழுபறிக்குப் பிறகு 2017 செப்டம்பரில் ஆறு மாதச் சோதனை தொடங்கியது. கணக்கு தொடங்கி 4 நாள், 10 திருத்தம் ஆகும்வரை புதுக் கட்டுரையை வெளியிட முடியாது. வரைவாக எழுதிக் கொடுக்கலாம். முடிவு? புதியவர்கள் நிலைத்திருப்பதில் குறிப்பிடும்படி மாற்றம் இல்லை. 2018-இல் அதுவே நிரந்தர விதியாயிற்று.

உடனே பூட்டுகளை வாங்கக் கிளம்பிவிடாதீர்கள்! அதற்கு முன்பு அந்தப் புதியவருக்கு என்ன கிடைத்துக்கொண்டிருந்தது? ராத்திரி உட்கார்ந்து எழுதி வெளியிடுவார்; பல நேரம் மறுநாள் அந்தக் கட்டுரையே இருக்காது. அதற்குக் காத்திருப்பு எவ்வளவோ மேல் என்பது என் கணிப்பு.

எல்லாக் கட்டுப்பாடும் இப்படி வலிக்காமல் போகாது. நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பதிவுகளுக்குப் பிறர் போடும் வாக்குகளால் அங்கே புள்ளி சேரும். பிறர் பதிவில் கருத்துச் சொல்ல 50 புள்ளி வேண்டும். பதில் எழுத ஒரு புள்ளியே போதும். பழைய பதில் ஒன்றைப் படிக்கிறார் புதியவர். "புதிய பதிப்பில் இந்தக் கட்டளை வேலை செய்யாது" என்று ஒரு வரி சொன்னால் பத்துப் பேருக்கு உதவும். கருத்துப் பெட்டி மூடியிருக்கிறது. பதில் பெட்டிதான் திறந்திருக்கிறது, அதிலே எழுதுகிறார். "இது பதிலே அல்ல" என்று நீக்குகிறார்கள். விளம்பரக் குப்பையைத் தடுக்கத்தான் அந்த விதி, நியாயம்தான். ஆனால் சின்ன வேலையைத் தடுத்துப் பெரிய வேலையைத் திறந்து வைப்பது என்ன கணக்கோ!

புதியவர்களைத் தேநீரகம் என்ற உதவிப் பக்கத்துக்கு அழைத்தும் விக்கிப்பீடியாவில் பார்த்தார்கள். அழைப்புப் பெற்றவர்கள் கூடுதலாகத் தங்கினார்கள். அவர்களுக்குக் கூடுதல் அனுமதி எதுவும் தரவில்லை. கேட்டால் பதில் சொல்ல மனிதர் இருந்தார், அவ்வளவுதான்.

ஆகவே நிர்வாகிகளே, இன்றைக்கே உங்கள் தளத்தில் புதுக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். தடை வரும் இடத்தில் என்ன செய்தி வருகிறது என்று படியுங்கள். "அனுமதி இல்லை" என்று மட்டும் இருக்கிறதா? எப்போது திறக்கும், அதுவரை என்ன செய்யலாம், யாரைக் கேட்கலாம் என்று இருக்கிறதா?