கடைசிச் சரணத்தில் இருக்கும் பெயர்

நேயர்களுக்கு என் வணக்கம். மறைந்த பாடலாசிரியர் ஒருவருக்கு, அவர் இயற்றிய பாடல்களை மட்டுமே பாடி நடத்தும் நினைவுக் கச்சேரியைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இத்தகைய கச்சேரிகளில் நான் பாடியிருக்கிறேன், பின்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறேன், சில ஆண்டுகளாகப் பாடல்களைத் தேர்ந்தெடுத்து நிரல் எழுதிக் கொடுக்கும் வேலையும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தில் எனக்கு முக்கியமாகப் பட்ட ஒரு செய்தியைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பாடலாசிரியரின் நினைவுக் கச்சேரியில் கடைசிச் சரணத்தை விடாமல் பாட வேண்டும். கேட்பதற்கு மிகச் சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அதைக் கடைப்பிடிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் கச்சேரியின் அமைப்பே வேறாகிவிடும் என்பது.

பாடகர் ஒருவர் மறைந்தால் அவருடைய குரல் இசைத்தட்டிலோ ஒலிநாடாவிலோ தங்கிவிடுகிறது. பாடலாசிரியர் விட்டுச் செல்வது எழுத்து. அந்த எழுத்து பாட்டாக வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் இன்னொருவர் வாய் திறந்தாக வேண்டும். பாடகருக்கு நடத்தும் நினைவுக் கச்சேரியில் அவரைப் போலப் பாட முயன்று தோற்றாலும் பெரிய நஷ்டமில்லை; அசல் பத்திரமாக இருக்கிறது. பாடலாசிரியருக்கு நடத்தும் கச்சேரியில் ஒரு வரி விட்டுப்போனால், அன்று அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பொறுத்தவரை அந்த வரி எழுதப்படவே இல்லை.

இதை நம் முன்னோர் நன்றாக உணர்ந்திருந்தார்கள் போலும், அதனால்தான் இயற்றியவரின் பெயரைப் பாட்டுக்குள்ளேயே பதித்து வைக்கும் முத்திரை என்ற ஏற்பாட்டைச் செய்து வைத்தார்கள். தியாகராஜர் தம் பெயரையே முத்திரையாக வைத்தார். முத்துசாமி தீட்சிதருக்கு ‘குருகுஹ’, சியாமா சாஸ்திரிக்கு ‘சியாமகிருஷ்ண’, கோபாலகிருஷ்ண பாரதியாருக்கு ‘கோபாலகிருஷ்ணன்’, பாபநாசம் சிவனுக்கு ‘ராமதாசன்’. பல சரணங்கள் உள்ள பாடல்களில் இந்தப் பெயர் பெரும்பாலும் கடைசிச் சரணத்தில்தான் வரும். பத்திரத்தின் அடியில் போடும் கையெழுத்தைப் போல அது தனியாக நிற்பதும் இல்லை. எதுகையோடும் தாளத்தோடும் சேர்த்து நெய்யப்பட்டிருக்கும். பிய்த்து எடுத்தால் அடி குறைந்துபோகும். அச்சகமும் பதிப்புரிமையும் எட்டாத காலத்தில், பாட்டு எந்த ஊருக்குப் போனாலும் பெயரும் கூடவே போவதற்குச் செய்துகொண்ட வழி அது.

அந்தச் சரணந்தான் முதலில் விடுபடுகிறது. இதற்குக் காரணங்கள் உண்டு. 78 சுற்று இசைத்தட்டுகள் இருந்த காலத்தில், பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய 3 நிமிட இசைதான் அடங்கும். பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம் என்று பாடி நிறுத்த வேண்டியிருந்தது. அந்தத் தட்டைக் கேட்டுப் பாடம் செய்தவர்கள் அந்த அளவே பாட்டின் முழு அளவு என்று நினைத்துக்கொண்டார்கள். தியாகராஜர் கீர்த்தனைகளில் பல சரணங்கள் இருந்தால், முத்திரை உள்ள சரணத்தைப் பார்த்து எடுத்துக்கொள்ளும் நல்ல வழக்கம் வித்வான்களிடம் இருக்கிறது. தமிழ்ப் பாட்டுக்கு, அதுவும் கச்சேரியின் பின்பகுதியில் துக்கடா என்னும் சிறு உருப்படியாக வரும்போது, அந்த மரியாதை பல சமயங்களில் கிடைப்பதில்லை. மிருதங்கத்தின் தனியாவர்த்தனம் முடிந்து, மூன்றாவது மணி நெருங்கி, சபையில் பாதிப்பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் மூன்று சரணம் பாடுவது எளிதல்ல என்பது எனக்கும் தெரியும். வழக்கமான கச்சேரியில் அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். பாடலாசிரியரின் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, அந்தப் படத்தின் முன்னாலேயே அவர் பெயர் வரும் வரியை விட்டுவிடுவதைத்தான் குறை என்கிறேன்.

எனக்கே நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அமைப்பு, எந்த அரங்கு என்பது வேண்டாம். மறைந்த கவிஞர் ஒருவருடைய பாடல்களில் பதினான்கைத் தேர்ந்தெடுத்து இரண்டரை மணி நேரத்துக்கு நிரல் போட்டிருந்தோம். ஆறு மணிக்கு விளக்கேற்றினார்கள். வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை என்று வரிசையாக நடந்து, பிறகு பொன்னாடை போர்த்தும் படலம் தொடங்கியது. போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை, அதைப் போர்த்தச் சொன்னவருக்கு ஒன்று. தம்புராவை மீட்டி மீட்டி நிறுத்திக்கொண்டிருந்தோம்; மிருதங்கக்காரர் இரண்டு முறை சுருதி சேர்த்துவிட்டார். நாங்கள் முதல் பாட்டை எடுத்தபோது மணி ஏழரை. அரங்கத்தை ஒன்பது மணிக்குள் காலி செய்ய வேண்டும். ஏழாவது பாட்டுக்குப் பிறகு அமைப்பாளர் மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று விரலால் ‘சுருக்குங்கள்’ என்று காட்டத் தொடங்கினார். கடைசி நான்கு பாட்டுக்கும் பல்லவி மட்டுமே பாடி, மங்களத்தையும் அரைகுறையாக முடித்து எழுந்தோம். பதினான்கில் எத்தனை பாட்டில் அவருடைய முத்திரை ஒலித்தது என்று வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். மூன்று. நிரல் எழுதியவன் நான்தான். பதினான்கு பாட்டை அள்ளிப் போட்டதில் என் பேராசையும் இருந்தது.

உரைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாட்டு செய்யும் வேலையை உரை செய்யாது. உ.வே.சாமிநாதையர் கோபாலகிருஷ்ண பாரதியாரைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தவர்களுக்கு இது நினைவிருக்கும். நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் என்னும் பாராட்டுச் செய்யுள் வாங்குவதற்காகப் பாரதியார் மாயூரத்தில் மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வீட்டுக்குப் பலமுறை நடந்தார். பிள்ளையவர்கள் பிடிகொடுக்கவில்லை. ஏட்டில் பார்த்தால் இலக்கணப் பிழைகள் தெரிந்தன. கதையும் பெரியபுராணத்தில் உள்ளபடி இல்லை. ஒரு நாள் பகலில் பிள்ளையவர்கள் உள்ளே படுத்திருக்க, பாரதியார் வெளித் திண்ணையில் அமர்ந்து தம் பாட்டைத் தாமே பாடத் தொடங்கினார். அதைக் கேட்டு உள்ளம் உருகிய பிள்ளையவர்கள் பாயிரம் கொடுத்தார். கண் கண்டுபிடித்த பிழை காதுக்குப் பொருட்டாகவில்லை. அந்தத் திண்ணைக் காட்சியை நினைத்துக்கொள்ளும்போதெல்லாம், ஒரு பாடலாசிரியரைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறவரிடம் அவருடைய ஒரே ஒரு பாட்டை முழுதாகப் பாட அந்த நேரத்தைக் கேட்டு வாங்கலாமே என்று தோன்றும்.

அடுத்து, எந்தப் பாட்டைப் பாடுவது? புகழ்பெற்றவற்றை மட்டும் பாடினால் சபை மகிழும். ஆனால் அவை நினைவுக் கச்சேரி இல்லாமலே வாழக்கூடியவை. கோபாலகிருஷ்ண பாரதியார் என்றால் நந்தனார் என்று நின்றுவிடுகிறோம். அவர் இயற்பகை நாயனாரையும் திருநீலகண்ட நாயனாரையும் காரைக்கால் அம்மையாரையும் கீர்த்தனைகளாகப் பாடியிருக்கிறார். தெரிந்த பாட்டு பாதி, தெரியாத பாட்டு பாதி என்பது நான் இப்போது வைத்திருக்கும் கணக்கு. ஒருவர் நாற்பது ஆண்டு எழுதியிருந்தால், அதில் நலங்குக்கும் ஊஞ்சலுக்கும் எழுதிக் கொடுத்தவை இருக்கும், பள்ளிப் பிள்ளைகளின் கும்மிக்காக ஒரே இரவில் எழுதியவை இருக்கும், அவருக்கே பிடிக்காமல் போனவையும் இருக்கும். அவற்றில் இரண்டையாவது மேடையில் ஏற்றினால்தான் வாழ்நாள் உழைப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் வருகிறது.

அங்கேதான் உண்மையான சிரமமும் தொடங்குகிறது. பழைய கீர்த்தனைப் புத்தகத்தைத் திறந்தால் தலைப்பில் ராகம், தாளம், கீழே சாகித்தியம் எனும் பாட்டின் சொற்கள் இருக்கும்; ஸ்வரம் இருக்காது. சில பாட்டுகளுக்கு மேல் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்று ஒரு குறிப்பு மட்டும் இருக்கும். அந்த இன்ன பாட்டை நமக்குப் பாடிக் காட்ட இப்போது யாரும் இருக்க மாட்டார்கள். சீர்காழியில் வாழ்ந்த அருணாசலக் கவிராயர் இராம நாடகத்தை இயற்றியபோது, சட்டநாதபுரத்தைச் சேர்ந்த வேங்கடராமையர், கோதண்டராமையர் என்ற அவருடைய மாணவர்கள் இருவர் அதற்கு இசை அமைத்தார்கள். அவருக்கு முன்பே முத்துத்தாண்டவர் சிதம்பரத்து நடராசர்மேல் கீர்த்தனைகளும் பதங்களும் பாடியிருந்தார். இவர்களோடு தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையையும் சேர்த்துத் தமிழிசை மூவர் என்று விழா எடுக்கிறோம். ஆனால் அந்த விழாக்களில் நாம் பாடுவதில் பெரும்பகுதி பிற்கால வித்வான்கள் அமைத்த மெட்டு. அதில் எந்தத் தவறும் இல்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரைப் போன்றவர்கள் மெட்டமைத்துப் பாடியிராவிட்டால் இராம நாடகப் பாடல்கள் கச்சேரி மேடைக்கு வந்தே இருக்காது. மெட்டு பிந்தியது, அமைத்தவர் இன்னார் என்று சபையில் ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லைப் பிரிப்பதிலும் கவனம் வேண்டும். புது மெட்டில் ஏற்றும்போது ‘மாதவம்’ என்ற சொல் ‘மாத’ என்று ஒரு தட்டில் நின்று ‘வம்’ என்று அடுத்த தட்டில் தனியாக விழுந்தால், எழுதியவரின் தவம் அங்கே கலைந்துவிடுகிறது. ஒத்திகையின் முதல் நாள் வாத்தியங்கள் எதுவும் இல்லாமல், பாட்டை உரைநடை போல எல்லோரும் ஒரு முறை வாசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். இளம் பாடகர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, அச்சில் ‘ர’ வந்திருக்கும் இடத்தில் ‘ற’ இருந்தால்தான் பொருள் சரியாகும் என்று அவர்களே பென்சிலை எடுத்துத் திருத்துவார்கள்.

திரைப்பாடல் எழுதியவர்களின் நினைவுக் கச்சேரிக்கு வேறு ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே முத்திரை கிடையாது. 1959-இல் இருபத்தொன்பது வயதில் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரமோ, 1981-இல் மறைந்த கண்ணதாசனோ திரையில் பாடும் பாத்திரத்தின் வாய்க்குத்தான் எழுத வேண்டியிருந்தது. அதில் தம் பெயரை எங்கே வைப்பது? அந்தக் காலத்தில் படக்கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகமும், ‘பாடலை இயற்றியவர்’ என்று சொல்லிவந்த வானொலி அறிவிப்பும்தான் அவர்களுக்கு முத்திரையாக இருந்தன. ஆகவே மெல்லிசை மேடையில் ‘அந்தப் படத்தில் அவர் பாடிய பாட்டு’ என்று நடிகரின் பெயரைச் சொல்லி ஆரம்பிக்கும் தொகுப்பாளரை, அன்று ஒரு நாளாவது, எழுதியவரின் பெயரைச் சொல்லித் தொடங்கச் செய்ய வேண்டும். சட்டமும் சற்று மனம் இரங்கியிருக்கிறது. நம் நாட்டில் பாடலாசிரியரின் பதிப்புரிமை அவர் மறைந்த பிறகு 60 ஆண்டுகள் நீடிக்கிறது. 2012-இல் வந்த திருத்தம், திரைப்பாடல் திரையரங்குக்கு வெளியே பயன்படும்போது எழுதியவருக்குச் சேர வேண்டிய பங்கை அவரிடமிருந்து எழுதி வாங்கிக்கொள்ள முடியாதபடி செய்தது. கச்சேரி நடத்துகிறவர்கள் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் கணக்கு எழுதும்போதே உரிமத் தொகைக்கும் ஒரு வரி எழுதிவிடுவது நல்லது.

பெரிய அளவில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பவர்களுக்குத் திருவையாறு இருக்கிறது. 1847-இல் மறைந்த தியாகராஜரின் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற கலைஞர்; தம் சொத்தைப் போட்டுச் செய்தார். ஆண்டுதோறும் அவர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில் நூற்றுக்கணக்கான வித்வான்கள் தரையில் அமர்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என ஐந்து ராகங்களில் பஞ்சரத்தினங்களைச் சேர்ந்து பாடுகிறார்கள். அங்கே ஒரு சரணத்தையும் யாரும் விடுவதில்லை. நீளமான பாட்டுகள்தான், வாத்தியங்களும் குரல்களும் கொஞ்சம் முன்பின்னாகத்தான் போகும். எல்லாச் சரணத்தையும் தாண்டி வந்து அத்தனை பேரும் ஒரே குரலாக ‘தியாகராஜ’ என்று உச்சரிக்கும் இடத்தில், அந்த முன்பின் எல்லாம் மறந்துபோகிறது.

அந்த அனுபவத்தைச் சிறிய அளவில் செய்து பார்க்க ஆசைப்பட்டு, அண்மையில் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்துக்கு மட்டும் ஒரு மாலையை ஒதுக்கினோம். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவரின் ஆதரவில் இருந்து, கழுகுமலை முருகன்மேல் பாடி, முப்பது வயதைத் தொடும் முன்பே மறைந்தவர் அவர். காவடி எடுக்கும் ஊர்களிலெல்லாம் அவர் மெட்டு ஒலிக்கிறது. பெயர் ஒலிப்பது குறைவு. இத்தனைக்கும் அவர் ‘சென்னிகுள நகர் வாசன்’ என்று தம் ஊரையும், அதை அடுத்து ‘அண்ணாமலை தாசன்’ என்று தம் பெயரையும் பாட்டுக்குள்ளேயே சொல்லி வைத்திருக்கிறார். எட்டுச் சிந்துகள் மட்டும் எடுத்துக்கொண்டோம். ஒன்றிலும் ஒரு அடியையும் விடவில்லை. பேச்சுக்குப் பத்து நிமிடம், பொன்னாடை இல்லை. ஊரும் பேரும் வரும் இடத்தைச் சபையையும் சேர்ந்து பாடச் சொன்னோம். முதல் தடவை தயங்கினார்கள். இரண்டாம் தடவை பின்வரிசை வரை கேட்டது.

முடிந்து நாங்கள் சுருதிப்பெட்டியை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயது இருக்கும் ஒரு பையன் மேடைப்படியில் ஏறி வந்து, ‘ஐயா, சென்னிகுளம் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டான். சங்கரன்கோவில் பக்கம் என்றேன். ‘பேருந்து போகுமா?’ என்றான்.

நன்றி, வணக்கம்.