வெங்காயத்தை விடுங்கள், உருளைக்கிழங்கை எடுங்கள்

வணக்கம் நண்பர்களே. மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் பொருளை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்சிலிப் கிடைத்துவிட்டது. போன காணொளியின் கீழே வந்த கேள்விகளில் பாதி அதைப் பற்றியவை என்பதால் அதை முதலில் முடித்துவிடுகிறேன். நான் முதலில் நுழைந்த கடையில் 100 கண்ணாடி கொண்ட சின்னப் பெட்டிக்கு 180 ரூபாய் கேட்டார்கள். அதே அளவு, அதே தடிமன் கொண்ட பெட்டி இரண்டு தெரு தள்ளி 65 ரூபாய். ஊதினால் பறக்கும் கண்ணாடிக்கு இப்படி ஒரு விலையா என்று வீடு வரும்வரை முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தேன். நான் பேரம் பேசத் தெரியாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்த 65 ரூபாயை என் வெற்றிக்கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்றைய விஷயம் பிளஸ் ஒன் மாணவர்களுக்கானது. செல்லின் அமைப்பு ஒரு பாடம், உயிரி மூலக்கூறுகள் வேறொரு பாடம் என்று பிரித்துப் படிப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. செல்சுவரை அழகாக வரைந்து பாகம் குறிக்கும் பிள்ளை, செல்லுலோஸின் அமைப்பையும் பிழையில்லாமல் எழுதுகிறது. ஆனால் தான் வரைந்த சுவரே அந்தச் செல்லுலோஸ்தான் என்பது அதற்கு உறைப்பதில்லை. இரண்டு பாடத்தையும் ஒரே ஸ்லைடில் காட்டிவிட முடியும். அதற்கு வேண்டியது உருளைக்கிழங்கும் அயோடினும்தான்.

வெங்காயத்தோல் மோசம் என்று நான் சொல்லவில்லை. உட்கருவைப் பார்க்க அதைப் போல வசதியானது வேறில்லை. அயோடின் விட்டால் உட்கரு பழுப்பு மஞ்சளாக எடுப்பாகத் தெரியும். ஆனால் வெங்காயம் தன் சேமிப்பை ஸ்டார்ச்சாக, அதாவது மாவுச்சத்தாக வைத்துக்கொள்வதில்லை, சர்க்கரைகளாகவும் ஃபிரக்டோஸ் சங்கிலிகளான ஃபிரக்டான்களாகவும் வைத்துக்கொள்கிறது. அதனால் அயோடின் பட்டால் ஸ்டார்ச்சில் வரும் என்று புத்தகம் சொல்லும் கருநீலத்தை அதில் எவ்வளவு தேடினாலும் காண முடியாது.

கிழங்கைப் புதுப் பிளேடால், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவலாக எடுங்கள். தடித்த சீவல் முழுதும் கறுத்துப்போகும், ஒன்றும் தெரியாது. ஒரு சொட்டு நீரில் அதை வைத்து, கவர்சிலிப்பை ஒரு விளிம்பில் ஊன்றிச் சாய்வாக மெல்ல இறக்குங்கள். படக்கென்று போட்டால் காற்றுக்குமிழி சிக்கிக்கொள்ளும். கறுத்த தடித்த விளிம்புள்ள அந்த வட்டத்தைப் படமெடுத்து, உட்கரு கிடைத்துவிட்டது என்று எனக்கு அனுப்புபவர்கள் இன்னும் இருக்கிறீர்கள்.

முதலில் அயோடின் இல்லாமல் பாருங்கள். பல கோணச் சுவர்களுக்குள் முட்டை வடிவ ஸ்டார்ச் மணிகள் குவிந்திருக்கும். பெரிய மணி 100 மைக்ரோமீட்டர் வரை வரும். ஒளியைக் குறைத்து, 40 மடங்கு லென்சுக்கு மாற்றினால், மணியின் ஒரு முனைக்கு அருகில் உள்ள புள்ளியைச் சுற்றி வளையம் வளையமாக அடுக்குகள் தெரியும். பிறகு ஓரத்தில் அயோடினை விட்டு, மறுஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்ச வையுங்கள். நிறம் உள்ளே பரவும்போது மணிகள் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டே வருவதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. சுவர் மட்டும் நிறம் மாறாமல் நிற்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அயோடின் பால் கலக்காத இளந்தேநீரின் நிறத்துக்கு நீர்த்திருக்க வேண்டும். இல்லையென்றால் மணிகள் ஒரேயடியாகக் கறுத்து வளையங்கள் மறைந்துவிடும்.

இனி அந்தச் சுவருக்கு வருவோம். ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் சங்கிலி, செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலி. ஸ்டார்ச்சில் பிணைப்பு ஆல்பா வகை என்பதால் அதிலுள்ள அமைலோஸ் என்னும் சங்கிலி சுருளாக வளைகிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் புகுந்து அமர்வதால்தான் நீலம் வருகிறது. செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. சங்கிலிகள் நேராக நீண்டு, பக்கத்தில் பக்கமாக ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக்கிடக்கின்றன, அயோடின் நுழையச் சுருளே இல்லை. நம் எச்சிலில் உள்ள அமிலேஸ் என்னும் நொதி முதலாவதை வெட்டும், இரண்டாவதைத் தொடாது. 1665இல் ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் தக்கையில் கண்டது இத்தகைய சுவர்களை மட்டும்தான்; உள்ளே இருந்த உயிர் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தெரியுமா என்று கேட்டவர்களுக்கு: இந்தச் சாயத்தில், இந்த மைக்ரோஸ்கோப்பில் தெரியாது.

வேகவைத்த கிழங்கையும் ஒரு துளி மசித்து வைத்துப் பார்த்தேன். மணிகள் நீரை உறிஞ்சி உப்பிச் செல்லையே நிரப்பியிருந்தன. செல்கள் தனித்தனியாகக் கழன்று மிதந்தன. செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் வெந்நீரில் கரைவதால்தான் கிழங்கு கையால் பிசைந்தால் பூவாக உதிர்கிறது. மிக்ஸியில் அடித்தால் சுவரே கிழிந்து ஸ்டார்ச் வெளியே கொட்டிப் பசையாகிவிடும். எங்கள் வீட்டில் மசாலாவுக்குக் கிழங்கை மிக்ஸியில் போடுபவர் யார் என்று இங்கே சொல்லமாட்டேன். பச்சைக் கிழங்கையும் வெந்ததையும் அருகருகே வைத்து எடுத்த படங்களை ஞாயிற்றுக்கிழமை ஏற்றுகிறேன்.