பேருக்குக் கீழ இருக்குற விலாசம்

வணக்கம் நேயர்களே. முப்பது வருஷம் யுனிவர்சிட்டி லைப்ரரியில வேலை பார்த்துட்டு ரிட்டயர் ஆனவன் நான், அதுல கடைசி அஞ்சாறு வருஷம் புத்தகத்தைத் தொட்டதை விட எக்செல் ஷீட்டைத் தொட்டதுதான் ஜாஸ்தி, எல்லாம் இந்த உலக யுனிவர்சிட்டி ரேங்கிங் பண்ணுன வேலை. ரேங்கிங்ல ஆராய்ச்சியை எப்படி அளக்குறாங்கன்னு பேசச் சொல்லிருக்காங்க. ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில, பேப்பர்னு சொல்வோம், எழுதுனவர் பேருக்குக் கீழ பொடி எழுத்துல அவர் வேலை பார்க்குற இடத்தோட விலாசம் இருக்கும் பாருங்க, நான் பார்த்த வரைக்கும் ரேங்கிங் போடுறவங்க எண்ணுறது பாதி அதைத்தான்.

ஷாங்காய் பட்டியல்ல இருந்து வருவோம். 2003ல ஷாங்காய் ஜியாவ் தோங் யுனிவர்சிட்டி ஆளுங்க, சீன யுனிவர்சிட்டிங்க உலகத்துல எவ்வளவு பின்னாடி நிக்குதுன்னு பார்க்கத்தான் இதைப் போட்டாங்க, ஊர் உலகமே பிடிச்சுக்கிச்சு. பழைய மாணவர்கள் வாங்குன நோபல், கணிதத்துக்குக் குடுக்குற ஃபீல்ட்ஸ் மெடலுக்கு 10 சதவீதம், அங்க வேலை பார்க்குறவங்க வாங்குனதுக்கு 20, அதிகம் சைட் ஆகுற, அதாவது மத்தவங்க தங்களோட பேப்பர்ல அதிகமா எடுத்துக் காட்டுற ஆராய்ச்சியாளர் எத்தனை பேர் இருக்காங்கங்கிறதுக்கு 20, நேச்சர், சயின்ஸ்னு ரெண்டு பத்திரிகையில வந்த பேப்பருக்கு 20, மொத்த பேப்பருக்கு 20, மிச்ச 10 இதையெல்லாம் ஆசிரியர் எண்ணிக்கையால வகுத்து வர்றது.

இதுல நோபல் கணக்கு வேடிக்கையா இருக்கும். பரிசு வாங்குன அன்னைக்கு அவர் எங்க வேலை பார்த்தாரோ அந்த இடத்துக்குத்தான் அந்த 20 சதவீத மார்க், அதனால லாகூர்ல பொறந்து மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச இயற்பியலாளர் சந்திரசேகரோட 1983 பரிசு சிகாகோ யுனிவர்சிட்டி கணக்குல ஏறுது. பரிசு பழசாக ஆக பத்து வருஷத்துக்குப் பத்து சதவீதம்னு கழிச்சுக்கிட்டே வருவாங்க, 1930ல ராமன் கல்கத்தா யுனிவர்சிட்டியில இருந்து வாங்குனதெல்லாம் இப்ப கரைஞ்ச மாதிரிதான். ஜெர்மனியில இன்னும் கூத்து. போருக்கு அப்புறம் பெர்லின் ரெண்டாப் போச்சு, பழைய யுனிவர்சிட்டி கிழக்குல ஹும்போல்ட்னு ஆச்சு, மேற்குல ஃப்ரீ யுனிவர்சிட்டின்னு புதுசா ஒண்ணு வந்துச்சு, அப்ப போருக்கு முன்னாடி ஐன்ஸ்டீன் காலத்து நோபலெல்லாம் யாருக்குச் சொந்தம்னு ரெண்டு பேருக்கும் பங்காளிச் சண்டை.

பாரிஸ்காரங்க சண்டை போடல, சேர்ந்துட்டாங்க. பாரிஸுக்குத் தெற்கால இருந்த பல நிறுவனங்களை பாரிஸ்-சக்லேன்னு ஒரே பேருக்குள்ள கொண்டு வந்தாங்க, 2020ல ஷாங்காய் பட்டியல்ல நேரா 14வது இடம். அதே லேப், அதே ஆளுங்க, பேப்பர்ல போடுற விலாசம்தான் மாறுச்சு.

அடுத்தது சைட்டேஷன், அதாவது உங்க பேப்பரை எத்தனை பேர் தங்களோட பேப்பர்ல எடுத்துக் காட்டிருக்காங்கங்கிறது. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ்னு ரெண்டு பெரிய டேட்டாபேஸ்ல இருந்து எடுப்பாங்க. கணக்கு வாத்தியாருக்கு வர்ற சைட்டேஷனையும் கேன்சர் ஆராய்ச்சிக்கு வர்றதையும் ஒரே தராசுல போட முடியாது இல்லையா, அதனால துறைவாரியா சமப்படுத்தி சராசரி எடுப்பாங்க. சராசரியில ஒரு வம்பு இருக்கு, ஒரே ஒரு ஆள் எக்கச்சக்கமா வாங்கிட்டா எல்லாரும் வாங்குன மாதிரி தெரியும். 2010ல லண்டன்ல இருந்து வர்ற டைம்ஸ் ஹையர் எஜுகேஷன் பத்திரிகையோட பட்டியல்ல எகிப்தோட அலெக்சாண்ட்ரியா யுனிவர்சிட்டி 147வது இடத்துக்கு வந்துச்சு, சைட்டேஷன் பகுதியில மட்டும் பார்த்தா உலகத்துலயே நாலாவது! தோண்டிப் பார்த்தா முக்கியக் காரணம் ஒரே ஒரு பேராசிரியர், அவர் எடிட்டரா இருந்த பத்திரிகையில அவரே எழுதிக் குவிச்ச பேப்பருங்க. இப்ப அதே பட்டியல் சராசரியை மட்டும் நம்பாம, பேப்பர்களைக் கீழ இருந்து மேல வரிசைப்படுத்தி 75 சதவீதத்துல நிக்கிற பேப்பர் எப்படி இருக்குன்னும் பார்க்குது. ஆயிரம் பேர் கையெழுத்துப் போட்ட துகள் இயற்பியல் பேப்பர்களும் இதே மாதிரி கணக்கைக் குலைச்சு, 2015ல அதுங்களை மொத்தமா ஒதுக்கி வச்சாங்க.

விலாசம்னு சொன்னேன்ல, அதை வாடகைக்கும் விடுறாங்க. அதிகம் சைட் ஆகுற ஆளுங்களுக்கு மார்க் இருக்குன்னு தெரிஞ்சதும் சில சவுதி யுனிவர்சிட்டிங்க வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்களுக்குப் பணம் குடுத்து, எங்க பேரையும் விலாசத்துல போடுங்கன்னு கேட்க ஆரம்பிச்சது 2011லயே வெளிய வந்துடுச்சு. 2023ல ஸ்பெயின்ல கொர்தோபா யுனிவர்சிட்டி, முழு நேர வேலை எங்ககிட்ட, விலாசம் ரியாத்துக்கான்னு கேட்டு ஒரு வேதியியல்காரரை 13 வருஷம் சம்பளம் இல்லாம சஸ்பெண்ட் பண்ணுச்சு. அதிகம் சைட் ஆகுற ஆளுங்களோட பேர்ப்பட்டியலைப் போடுற கிளாரிவேட் கம்பெனி அதே வருஷம் சந்தேகத்துல ஆயிரம் பேருக்கு மேல நீக்குச்சு.

எங்க இடத்துல இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது. எங்க பிரச்சினை ஸ்பெல்லிங். எங்க ஆளுங்க யுனிவர்சிட்டி பேரை ஒருத்தர் முன்னாடி போடுவார், ஒருத்தர் பின்னாடி போடுவார், ஒருத்தர் டிபார்ட்மெண்ட்டோட நிறுத்திக்குவார், டேட்டாபேஸ் அதையெல்லாம் வேற வேற நிறுவனம்னு எடுத்துக்கும். நான் ஒரு வருஷம் பூரா உட்கார்ந்து அதுங்களை ஒட்ட வச்சேன், ஒரு புது பேப்பர் இல்லாம எங்க எண்ணிக்கை ஏறுச்சு, துணைவேந்தர் ரூம்ல ஸ்வீட் வேற குடுத்தாங்க. அந்த வாரம் தமிழ்த்துறை பேராசிரியர் ஒருத்தர், கல்வெட்டு பத்தி பதினோரு வருஷம் உழைச்சு எழுதுன புத்தகத்தைக் கொண்டு வந்து, இதை உங்க எக்செல் ஷீட்ல எந்தக் கட்டத்துல போடுவீங்க தம்பின்னாரு. தமிழ்ல இருந்துச்சு, டேட்டாபேஸ்ல வராது. இங்கிலீஷ் இல்லாத மொழிக்கெல்லாம் இதுல கஷ்டம்தான், ஜெர்மன், பிரெஞ்சுல எழுதுன பேப்பரையும் சேர்த்து எண்ணுனா அந்த நாட்டு யுனிவர்சிட்டிங்க சைட்டேஷன் மார்க் குறையுதுன்னு நெதர்லாந்துல இதே மாதிரி பட்டியல் போடுற லைடன் யுனிவர்சிட்டிக்காரங்களே காட்டிருக்காங்க. நான் அவருக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்தேன், வேற என்ன பண்ண.

கோவிச்சுக்கிட்டு வெளிய வந்தவங்களும் உண்டு. 2020ல சென்னை ஐஐடி உட்பட ஏழு ஐஐடி, கணக்குல வெளிப்படைத்தன்மை போதாதுன்னு டைம்ஸ் பட்டியல்ல சேரலைன்னுட்டாங்க. 2024ல சூரிச் யுனிவர்சிட்டியும் அதே பட்டியலுக்கு டேட்டா தர்றதை நிறுத்துச்சு.

கடைசியா சர்வே. க்யூஎஸ்னு இன்னொரு கம்பெனி போடுற உலகப் பட்டியல்ல ரொம்ப நாள் 40 சதவீதம், இப்பவும் 30 சதவீதம், உலகம் பூரா பேராசிரியர்கள்கிட்ட எது நல்ல யுனிவர்சிட்டின்னு கேட்டு அதுல கிடைக்கிற நல்ல பேருக்குத்தான். இந்த மாதிரி ஒரு சர்வே பக்கத்து டிபார்ட்மெண்ட் இயற்பியல் வாத்தியாருக்கு ஒரு தடவை வந்துச்சு, லைப்ரரி கம்ப்யூட்டர்லதான் ஃபில் பண்ணாரு. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், ஹார்வர்டுன்னு மளமளன்னு அடிச்சாரு. சார், இதுல எதுக்காவது போயிருக்கீங்களான்னேன். போன வருஷ ரேங்க் லிஸ்ட்ல பார்த்தேன்யா, அது போதாதான்னாரு.